கீழேயிருந்து ஏறி வாருங்கள்

பொலிவியாவைப் பேருந்தில் சுற்ற முதுகுப்பை கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

"பொலிவியாவுக்கு எத்தனை நாள் போதும்க்கா?" என்று கேட்டு இந்த ஆண்டில் மட்டும் பதினொரு பேர் எழுதிவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துபோனதால் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல். நீங்கள் அனுப்பிய பயணத் திட்டங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. விமானத்தில் லா பாஸ். மறுநாளே சைக்கிளில் 'மரணச் சாலை'. அன்று இரவே பேருந்தில் உயூனி, உப்புவெளியில் நின்று படம். போகிற போக்கில் பொட்டோசியில் ஒரு வெள்ளிச் சுரங்கம். திரும்ப விமானம். ஒன்பது நாள், மிஞ்சிப்போனால் பத்து.

திட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். வசவாகச் சொல்லவில்லை, உள்ளபடியே தலைகீழ்தான். அந்த நாட்டின் உச்சந்தலையில் போய்க் குதித்து, அங்கிருந்து சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறீர்கள். லா பாஸுக்கான விமான நிலையம் நகரத்துக்கும் மேலே, எல் ஆல்டோவில், 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் ஏற்காட்டைத் தூக்கி வைத்தால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்தக் கணக்குதான்.

முதல் தடவை நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். பெட்டி வருமிடம் வரை நடப்பதற்குள் யாரோ தோளில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. மாலையில் தலைவலி, இரவில் வாந்தி. கண் அயர்ந்தால் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். விடுதிக்கார அம்மா கோக்கா இலை போட்ட வெந்நீரை நீட்டி, "சொரோச்சி" என்றார். மலைநோய்க்கு அங்கே அதுதான் பெயர். மூன்று பகல், மூன்று இரவு கூரையைப் பார்த்துக் கிடந்தேன். அந்தத் தடவை லா பாஸில் எனக்கு நன்றாகப் பழக்கமானது அந்தக் கூரையில் இருந்த ஈரக்கறை ஒன்றுதான்.

"தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மலைநோய் உடற்கட்டைப் பார்த்து வருவதில்லை, தம்பி. எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பதைத்தான் பார்க்கும். அவசரமாக ஏறிய ஓட்டக்காரர் படுத்துக் கிடப்பார். ஊர் ஊராகத் தங்கி வந்த அறுபது வயதுப் பாட்டி சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் தடவை போனது 2023 ஜூனில், 38 நாள். அப்போது கீழேயிருந்து ஏறினேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வருகிறேன். சான்டா குரூஸ் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். அங்கிருந்து சமைபாட்டா 1,600 சொச்சம். சுக்ரே 2,800. பிறகு பொட்டோசி, 4,000. அடுத்து உயூனி, ஒரூரோ, கடைசியாக லா பாஸ். அந்த நாட்டின் பேருந்துத் தடமே ஒரு மருத்துவரின் சீட்டு மாதிரி எழுதி வைத்திருக்கிறது. நாம்தான் கடைசி வரியிலிருந்து படிக்கிறோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா கொல்லிமலைத் தடத்தில் பேருந்து ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவு. பள்ளி விடுமுறையில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஏறி இறங்கியே வளர்ந்தேன். எஞ்சின் சத்தத்தை வைத்து எந்தக் கியர் என்று இன்றும் சொல்லிவிடுவேன். ஆகையால் நான் பேருந்துப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

சான்டா குரூஸில் ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே நிலையம். உள்ளே நுழைந்ததும் ஊர்ப்பெயர்கள் காதைப் பிளக்கும். ஆளுக்கொரு சந்நதம் வந்ததுபோல, "சுக்ரே சுக்ரே சுக்ரேஏஏ!", "கொச்சபாம்பா!" என்று கூவுவார்கள். மொழி தெரியாத இடத்தில் எனக்கு அதைவிட ஆறுதலான சத்தம் வேறு இல்லை. சேலத்தில் நிற்பது மாதிரியே இருந்தது. பேருந்துக் கம்பெனிக்கு அங்கே 'ஃப்ளோட்டா' என்று பெயர். பாதி சாயும் இருக்கை 'செமி காமா'. வரிசைக்கு மூன்றே இருக்கையுள்ள, நன்றாகச் சாய்கிற வண்டி 'லெய்த்தோ'. கூட்டம் இல்லாத நாளில் கவுன்டரில் பேரம் பேசலாம். வண்டி கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்கும். டிக்கெட் தவிர, நிலையத்தைப் பயன்படுத்தியதற்கென்று ஒரு சின்னச் சீட்டு தனிச் சன்னலில் வாங்கவேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வண்டி கிளம்பும்போது ஒருவர் ஏறி அந்தச் சீட்டைக் கேட்பார். இல்லாதவர்கள் இறங்கி ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன்.

சமைபாட்டாவில் இரண்டு இரவு தங்குங்கள். ஊருக்கு மேலே ஒரு முழு மலைப்பாறையையே குடைந்து வாய்க்காலும் மாடமும் விலங்குருவமுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், இன்காக்களுக்கும் முற்பட்டவர்கள். 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சே குவேராவின் ஆட்கள் 1967 ஜூலையில் ஓர் இரவு இந்த ஊருக்குள் புகுந்தார்கள். அக்டோபரில் அவர் லா இகேராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் படம் போட்ட பனியனோடு வருகிறவர்கள் பாறையைப் பார்க்காமலே அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அது அவரவர் பாடு.

சமைபாட்டாவிலிருந்து சுக்ரேவுக்கு இரவு வண்டி. சான்டா குரூஸில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் ஒன்று முன்சீட்டின் வலைப்பையில் கிடந்தது. நள்ளிரவில் பார்த்தால் தலையணைபோல் உப்பி நின்றது. வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைத்த காற்று விரிகிறது. நம் வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். மலைப் பேருந்தில் ஏறுமுன் பீன்ஸ் சாப்பிடாதீர்கள் என்று இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் இன்னொரு பாடம். சைவக்காரர்கள் கவனிக்கவும். "கார்னே வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். கார்னே என்றால் இறைச்சி என்றுதான் அகராதி சொல்கிறது. ஆனால் அந்த அடுப்பங்கரையில் கார்னே என்றால் மாட்டிறைச்சி. மிகுந்த கரிசனத்தோடு கோழி வைத்துக் கொடுத்தார்கள். கோழி வேண்டாம், மீன் வேண்டாம், எலும்பு போட்ட சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உருளைக்கிழங்கு, சோறு, முட்டை வரும். மூன்றும் நன்றாகவே இருக்கும்.

சுக்ரேவில் ஆறு நாள் இருந்தேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அரசியலமைப்புப்படி நாட்டின் தலைநகரம் அதுதான். அரசாங்கம் நடப்பது மட்டும் லா பாஸில். 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் கையெழுத்தானது இங்கே. பல்கலைக்கழகம் 1624-இல் தொடங்கியது. இவற்றை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம். மீதி ஐந்து நாளும் ரத்தத்துக்கு. தொட்டபெட்டாவைவிட உயரமான ஊரில் நீங்கள் சந்தையில் பழச்சாறு குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடம்பு உள்ளே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டிருக்கும், மூச்சின் ஆழத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். காலை பத்து மணிவாக்கில் 'சல்தேன்யா' சாப்பிடுங்கள். நம் சோமாசியைப் போன்ற உருவம், உள்ளே குழம்பு. முதலில் முனையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட வேண்டும். அவசரக்காரர்களின் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

சுக்ரேயிலிருந்து பொட்டோசி 160 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் 1,200 மீட்டர் ஏற்றம். வழியில் பில்கோமாயோ ஆற்றின் மேல் கோட்டைக் கொத்தளம் போன்ற கோபுரங்களோடு ஒரு பழைய தொங்குபாலம் தெரியும். அதன் பிறகு வண்டி இரண்டாம் கியரைவிட்டு இறங்காது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். பிறகு புல். பிறகு வெறும் மண். கடைசியில் கூம்பு வடிவில், செங்காவி நிறத்தில், தனியாக ஒரு மலை.

அதுதான் செர்ரோ ரிக்கோ, பணக்கார மலை. 1545-இல் வெள்ளி கண்டெடுத்தார்கள். ஸ்பானிய மொழியில் அளவற்ற செல்வத்துக்கு இந்த ஊர்ப்பெயரே சொல்லாகிவிட்டது. 1570-களில் டொலேடோ என்ற வைஸ்ராய் 'மித்தா' முறையைக் கட்டாயமாக்கினார். ஆந்திஸ் மலையூர்களிலிருந்து ஏழு ஆண்களில் ஒருவர் என்ற கணக்கில் ஆண்டுதோறும் இங்கே சுரங்கத்துக்கு அனுப்பவேண்டும். குடும்பத்தோடும் லாமா என்ற சுமைவிலங்குகளோடும் வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். நீங்கள் பேருந்தில் அரைத்தூக்கத்தில் கடக்கும் அந்தச் சரிவுகளில்தான். இன்றும் கூட்டுறவுச் சங்கங்கள் பெயரில் ஆயிரக்கணக்கானோர் அதே மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே பொந்து பொந்தாகிப்போன மலையின் உச்சி உள்வாங்கத் தொடங்கிவிட்டது. 2014-இல் யுனெஸ்கோ ஊரை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

சுரங்கச் சுற்றுலாவுக்குக் கூப்பிடுவார்கள். முதலில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், தொழிலாளிகளுக்குக் கொடுக்க கோக்கா இலையும் 96 விழுக்காட்டுச் சாராயமும் டைனமைட்டும் வாங்கச் சொல்வார்கள். நான் போகவில்லை. போகிறவர்களைத் திட்டவும் மாட்டேன். முன்பு சுரங்கத்தில் உழைத்தவர்களே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. ஆனால் கல்தூசியால் நுரையீரல் இறுகிச் சாகிற ஓரிடத்தில், மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்க எனக்குக் கூசியது. அதற்குப் பதில் பழைய நாணயச் சாலைக்குள் அரை நாள் இருங்கள். வெள்ளித் தகட்டை நசுக்கிய மரப் பல்சக்கரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கோவேறு கழுதைகள் சுற்றின.

உயூனியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உப்பு. நீங்கள் தேடும் கண்ணாடிப் பிம்பம் மழை தேங்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூனில் காய்ந்த வெள்ளைத் தரைதான், அறுகோணம் அறுகோணமாக வெடித்தது. எனக்கு அதுவே பிடித்தது. பொட்டோசியிலிருந்து வந்த வண்டியில் சூடேற்றி கிடையாது. சன்னலின் உள்பக்கம் எங்கள் மூச்சே பனியாக உறைந்து படர்ந்தது. பக்கத்திலிருந்த அம்மா தம் கம்பளியின் பாதியை ஒன்றும் கேட்காமல் என் முழங்காலில் போட்டார். இறங்கும்போது அதே போல் ஒன்றும் சொல்லாமல் உருவிக்கொண்டார்.

இனி, உங்களில் பாதிப் பேர் பயந்து கேட்ட விஷயம். 'புளோக்கேயோ', சாலை மறியல்.

உயூனியிலிருந்து ஒரூரோ போகும் வழியில் காலை பத்து மணிக்கு எங்கள் வண்டி நின்றது. முன்னால் லாரிகள், பேருந்துகள், ஒரு மாட்டு வண்டி நீளத்துக்குக்கூட இடைவெளி இல்லாமல். ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சாலையின் குறுக்கே கற்கள், பழைய டயர்கள். அவற்றின் பின்னால் தொப்பியும் அகன்ற மடிப்புப் பாவாடையுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஊருக்குத் தார்ச்சாலை போடுவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்று மறியல். பின்சீட்டில் இருந்த வெளிநாட்டு இளைஞர் இருவருக்கு அன்றிரவு லா பாஸில் விமானம். அவர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். பின்னல் ஊசிகள் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

அந்த நாட்டில் சாலையை மறிப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1781-இல் அய்மாரா மக்களின் தலைவர் துபாக் கட்டாரியும் அவர் மனைவி பர்தோலினா சிசாவும் படை திரட்டி லா பாஸை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். கிண்ணம்போன்ற பள்ளத்தில் ஊர்; சுற்றிலும் மேட்டில் இவர்கள். உள்ளே உணவு போக வழியில்லை. இருவரையும் ஸ்பானியர்கள் கொடூரமாகக் கொன்றார்கள். 2003 அக்டோபரில் இயற்கை எரிவாயு ஏற்றுமதியை எதிர்த்து எல் ஆல்டோ மக்கள் அதே மேட்டில் அதே பாதைகளை அடைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குடியரசுத் தலைவர் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். மலைநாட்டில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே பெரும்பாலும் ஒரே ஒரு சாலை. அதிகாரம் இல்லாதவர்கள் கையில் இருக்கிற ஒரே குமிழ் அது. பகல் பூரா சாலையில் நின்றபோது எனக்கு இது புரிந்தது. நின்றேன் என்பதற்காக மகிழ்ந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை.

சில பயணிகள் மூட்டைகளை இறக்கி 'ட்ராஸ்போர்டோ' போனார்கள். மறியலைக் கால்நடையாகக் கடந்து, அந்தப் பக்கம் திரும்பி நிற்கும் பேருந்தில் ஏறிக்கொள்வது. இரண்டு பக்கத்து வண்டிகளும் பயணிகளை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். ஓட்டுநர்கள் தொலைபேசியில் பேசி முடித்திருப்பார்கள். உங்களுக்கும் அது வாய்க்கலாம். அப்போது பை பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் என்னை நினைத்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும்: மறியல் செய்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள், பணம் நீட்டாதீர்கள், கல்லை நகர்த்தப் பார்க்காதீர்கள். வணக்கம் சொல்லி, கடக்கலாமா என்று கேட்டுப் போங்கள்.

நான் வண்டியோடு இருந்துவிட்டேன். மதியம் வண்டியிலிருந்த பெண்கள் சாலையோரம் இறங்கி, முதுகில் மூட்டை கட்டுகிற 'அவாயோ' என்ற வரிவரியான வண்ணத் துணிகளை விரித்தார்கள். அவரவர் வைத்திருந்ததை நடுவில் கொட்டினார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, மொச்சை போன்ற பெரிய பயறு, உப்புப் பாலாடைக்கட்டி, சுன்யோ. இந்தப் பொதுச் சாப்பாட்டுக்கு 'அப்தாபி' என்று பெயர். நான் இரண்டு ஆரஞ்சும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வைத்தேன். சுன்யோ என்பது உறைய வைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கு. ஜூன் மாதப் பனியிரவுகளில் கிழங்கை வெளியே பரப்பி, உறைந்தது வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி காயவைப்பார்கள். கறுத்துச் சுருங்கிய கூழாங்கல்லாகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. அன்று காலைதான் சன்னல் வழியே ஒரு குடும்பம் வட்டமாக நின்று எதையோ மிதிப்பதைப் பார்த்து, ஏதோ நடனம் என்று நினைத்திருந்தேன். முதல் கடியில் நனைந்த மரத்தூள் மாதிரி இருந்தது. நாலாவது கடியில் பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

அங்கே ஒரு பள்ளி ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து தம் மொழியைப் பற்றிச் சொன்னார். அய்மாராவில் 'நைரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலமும் அதுவே. 'கிப்பா' என்றால் பின்பக்கம்; வரப்போகும் காலமும் அதுவே. நடந்தது கண்ணுக்கு எதிரே தெரிகிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? வயதான அய்மாராக்காரர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது கையைத் தோளுக்குப் பின்னால் காட்டுவதை ரஃபேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மிடமும் முன்னோர் கடந்தவர்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது வரப்போவது. ஆனால் நாம் 'எதிர்காலம்' என்றும் சொல்லி அதை முகத்துக்கு நேரேயும் வைத்திருக்கிறோம். இதை எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில் அவருக்கு விளக்கப் பார்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நடப்பீர்கள்?" என்றார். பதில் தெரியவில்லை. மாலை ஆறரைக்குக் கற்களை ஓரமாக உருட்டினார்கள். வண்டி கிளம்பியது.

எட்டரை மணி நேரம் வீணானதை உங்கள் ஒன்பது நாள் திட்டம் தாங்காது. என் முப்பத்தெட்டு நாள் தாங்கியது. எத்தனை நாள் போதும் என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்: மறியலுக்கென்று இரண்டு நாள், உடம்புக்கென்று ஐந்து நாள் தனியே எடுத்து வையுங்கள். மீதி இருப்பதுதான் உங்கள் பயணம். 2023-இல் டாலர் தட்டுப்பாடும் டீசல் தட்டுப்பாடும் வேறு சேர்ந்துகொண்டன. பெட்ரோல் பங்க்குகளில் லாரிகள் இரவெல்லாம் வரிசை நின்றதைப் பார்த்தேன். வண்டி தாமதமானால் கவுன்டரில் இருக்கிற பெண்ணிடம் பாயாதீர்கள்.

தங்கைகளில் மூவர் தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் தனியாகத்தான் போனேன். வெளிச்சத்தில் போய்ச் சேருகிற வண்டியாகப் பாருங்கள். மேல்தளத்து முன்சீட்டை எல்லோரும் கேட்பார்கள், காட்சி நன்றாகத் தெரியும் என்று; ஓட்டுநர் மகளான நான் அதில் உட்கார மாட்டேன். நடுவில் உட்காருங்கள், பெண்கள் பக்கத்தில். ஓட்டுநர் கண் சொக்குகிறது என்றோ வேகம் கூடுகிறது என்றோ தோன்றினால் அந்த ஊர்ப் பயணிகள் சும்மா இருப்பதில்லை. ஒருநாள் இரவு வண்டி முழுக்க எழுந்து ஓட்டுநர் அறையின் கதவைத் தட்டி வேகத்தைக் குறைக்க வைத்ததைப் பார்த்தேன். என் அப்பா இருந்தால் கோபப்பட்டிருப்பார், பிறகு ஒப்புக்கொண்டிருப்பார்.

'மரணச் சாலை'க்கு வருகிறேன். லா பாஸிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பழைய பாதை அது. சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளைக் கொண்டு 1930-களில் வெட்டியது. கணவாய் 4,600 மீட்டருக்கு மேல். கீழே பாதை முடிகிற இடம் 1,200. நாடு முழுவதும் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அந்தப் பாதையில் மட்டும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுவார்கள். ஓட்டுநர் இருக்கை இடது பக்கம்; இறங்கும்போது பள்ளமும் இடது பக்கம். ஆகவே இறங்குகிறவர் தலையை வெளியே நீட்டித் தம் சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஏறுகிறவர் மலையை ஒட்டி வருவார், வழி அவருக்குத்தான். "ஏறுற வண்டிய நிறுத்தாதே, நின்னா அவனுக்கு எடுக்கறது கஷ்டம்" என்று கொல்லிமலையில் அப்பா சொன்ன அதே விதி. 2006 வாக்கில் புதிய சாலை வந்த பிறகு பேருந்துகள் அதில் போகின்றன. பழையதில் சைக்கிள் சுற்றுலா. முடித்தால் பனியன் தருகிறார்கள். போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியோரத்துச் சிலுவைகளில் இருக்கும் பெயர்கள் சந்தைக்கு வாழைத்தாரும் கோக்கா மூட்டையும் ஏற்றிப்போனவர்களுடையவை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நான் லா பாஸின் வில்லா ஃபாத்திமாவிலிருந்து மினிபஸ்ஸில் புதிய சாலை வழியாக யுங்காஸிலுள்ள கொரோய்கோ ஊருக்குப் போனேன். கணவாயில் ஓட்டுநர் இறங்கி, நிலத்தாய் பச்சமாமாவுக்கு நாலு சொட்டுச் சாராயம் தரையில் தெளித்துவிட்டு ஏறினார். தாம் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

லா பாஸை முதல் தடவை படுத்துக்கொண்டு பார்த்தவள், இரண்டாம் தடவை எல் ஆல்டோ விளிம்பிலிருந்து பார்த்தேன். சமவெளி திடீரென்று முடிகிறது. காலடியில் ஒரு பெரிய செங்கல் நிறக் கிண்ணம், எதிரே 6,438 மீட்டர் இல்லிமானி பனிச்சிகரம். 2014 முதல் இந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கம்பிவடக் கூண்டுகள் ஓடுகின்றன. சுற்றுலாவுக்கு அல்ல, வேலைக்குப் போகிறவர்களின் நகரப் பேருந்து அதுதான். எனக்குத் தலைவலி இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

கடைசியாக டிட்டிகாக்கா ஏரி. கோபகபானாவுக்குப் போகிற பேருந்து திக்கினா நீரிணையில் நிற்கும். எல்லோரும் இறங்கவேண்டும். பேருந்தை ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றுவார்கள். பயணிகள் தனிச்சீட்டு வாங்கிச் சிறு படகில் போகவேண்டும். உங்கள் பை, கடவுச்சீட்டு வைத்த சட்டை, பாதி தின்ற ரொட்டி எல்லாம் உள்ளே இருக்க, பேருந்து மட்டும் ஆடி ஆடித் தனியாக ஏரியைக் கடப்பதைக் கரையில் நின்று பார்ப்பீர்கள். (கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.) கரையில் கடற்படை முகாம் ஒன்று இருக்கிறது. 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரை முழுவதையும் இழந்த நாடு அது. 1904 ஒப்பந்தத்தில் அந்த இழப்பு உறுதியானது. 2018-இல் சர்வதேச நீதிமன்றத்திலும் வழக்கு தோற்றது. கடல் போய் நூற்றாண்டு கடந்தும் கடற்படையைக் கலைக்கவில்லை, ஏரியில் வைத்திருக்கிறார்கள். 3,800 மீட்டர் உயரத்தில், வெள்ளைச் சீருடையில்.

கோபகபானாவில் மாதா கோவில் முன் வண்டிகள் வரிசையாக நின்றன. புதிதாக வாங்கிய காரும் பழைய லாரியும், பேருந்தும். முகப்பில் பூமாலை, காகிதத் தோரணம். பாதிரியார் நீர் தெளித்துப் போனதும் உரிமையாளர் பீர் புட்டியைக் குலுக்கிச் சக்கரங்கள் மேல் பீச்சினார். எங்களை ஏற்றி வந்த பேருந்தும் வரிசையில் போய் நின்றுகொண்டது. ஓட்டுநர் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தார், உள்ளேயும் தெளிக்கட்டும் என்று. எலுமிச்சம்பழம் ஒன்றுதான் குறை என்று நினைத்தபடி பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா

பி.கு. 1: கோக்கா இலை அங்கே சட்டப்படி விற்பது. 2013-இல் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் மறுபடி சேர்ந்தபோது, இலையை மெல்லும் உரிமையைத் தனியே எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார்கள். அங்கே குடியுங்கள், மெல்லுங்கள். ஒரு தேநீர்ப் பை கூட ஊருக்கு எடுத்து வராதீர்கள். நம் சட்டத்தில் இலையும் குற்றம்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ இலையை நம்பாமல் அன்றே கீழே இறங்கிவிடுங்கள். மாத்திரை விஷயத்தை இங்கேயே மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

பி.கு. 2: பொலிவியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். பயணத் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள்.